அந்தமானுக்குப் பெட்டி கட்டுகிறோம், எதை வைப்பது?

திருமங்கலம் டீச்சர்:
பிப்ரவரியில் அந்தமான் போகிறோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் மகள், 68 வயது அத்தை. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றும் உண்டு. விமானத்தில் பெட்டிக்கு ஆளுக்கு 15 கிலோதானாம். அத்தை இப்போதே பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு டின், கொப்பரை என்று கூடத்தில் அடுக்கிவிட்டார். வீட்டுக்காரர் தனக்கு இரண்டு ஜீன்ஸ் போதும் என்கிறார். நாங்கள் பார்த்த கடல் ராமேசுவரமும் திருச்செந்தூரும்தான். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

செல்லூர்க்காரி:
டீச்சர், முதலில் ஜீன்ஸை வெளியே எடுங்கள். அங்கே காற்றே ஈரம். நம் மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காய்வது, அங்கே மறுநாளும் பிசுபிசுவென்று கிடக்கும். விளக்குத்தூண் பக்கம் போய் மெல்லிசாக ட்ராக் பேண்ட், டீ-ஷர்ட் வாங்குங்கள். அத்தைக்குச் சுங்குடி சரிதான், சீக்கிரம் உலரும். ஆனால் சேலையோடு அலையில் இறங்கவேண்டாம், காலைச் சுற்றிக்கொள்ளும். முழுக்கால் பேண்ட்டும் சுடிதார் டாப்பும் எடுத்து வையுங்கள். என் மாமியார் முதல் நாள் முணுமுணுத்தார். மறுநாள் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் நின்றார்.

செருப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நீல் தீவில் இயற்கைப் பாலத்தைப் பார்க்க, கடல் வற்றும் நேரத்தில் பாறைமேல் நடந்து போகவேண்டும். பாசி வழுக்கும், செத்த பவளம் பிளேடு மாதிரி கிழிக்கும். பின்னால் வார் வைத்த செருப்பு ஆளுக்கு ஒன்று. ஹவாய் செருப்பு அறைக்குள் போட்டுக்கொள்ள.

கொப்பரை வீட்டிலேயே இருக்கட்டும். எண்ணெய்ப்பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று பெட்டியில் விடமாட்டார்கள். ஊறுகாய் பெரிய பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் வரிசையில் நிற்கவைத்துத் திறக்கச் சொல்வார்கள். பொடி, முறுக்கு தாராளமாக. போர்ட் பிளேரில் நம் ஆட்கள் நிறைய, இட்லிக்குப் பஞ்சமில்லை. ஹேவ்லாக்கில் ராத்திரி பசித்தால்தான் முறுக்கின் அருமை தெரியும்.

படகு டிக்கெட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

மருந்துக்கடை அண்ணன்:
அக்கா மருந்தை விட்டுவிட்டார். படகில் வாந்தி வராமல் இருக்க மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் போட்டால் பெரிய பயன் இல்லை. தூக்கம் வரும். பெரியவர்கள் பிரஷர், சுகர் மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுடைய தினசரி மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி வேறு விமானத்தில் போனாலும் தப்பித்துக்கொள்ளலாம். அப்புறம் கலாமைன் லோஷன். விடியலிலும் பொழுது சாயும்போதும் கடற்கரையில் மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, அரிப்பு நாள்கணக்கில் நிற்கும். சொறிந்தால் புண்.

திருமங்கலம் டீச்சர்:
ஜீன்ஸ் பஞ்சாயத்து இன்று இரவு நடக்கும். மகள் சிப்பி பொறுக்க ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறாளே?

செல்லூர்க்காரி:
அந்த டப்பாவில் பொடியைப் போடுங்கள். கரையில் கிடக்கும் பவளத்துண்டு, சங்கு எதையும் எடுத்துவரக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ஏர்போர்ட் ஸ்கேனரில் மாட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள், பிள்ளை அழும். போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சும் வையுங்கள், அங்கே 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.