உயில் வழக்கின் செலவு யாரைச் சேரும்?

நடுப்பிள்ளை எழுதியது:

எங்கள் தாயார் காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய உயிலில், தாம் குடியிருந்த வீட்டைக் கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட என் தங்கைக்குத் தனியாக எழுதிவைத்து, எஞ்சியிருக்கும் வங்கிச் சேமிப்பை எங்கள் மூவருக்கும் சமமாகப் பிரித்திருக்கிறார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் தங்கையிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. அப்போதே அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது என்றும், காட்டிய இடத்தில் கையெழுத்திட்டதைத் தவிர அவர் வேறொன்றும் அறியார் என்றும் அண்ணன் உறுதியாக நம்புகிறார். வழக்குத் தொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. "பயப்படாதீர்கள், செலவெல்லாம் சொத்திலிருந்துதான் போகும்" என்று தம் வழக்கறிஞர் கூறியதாக அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டபிறகுதான் கலக்கம் அதிகமானது. இத்தகைய வழக்குகளில் செலவை உண்மையில் யார் ஏற்க வேண்டும்? வழக்கிலேயே ஈடுபடாத என் பங்கும் அதற்காகக் குறையுமா? மூவரும் வெவ்வேறு நாடுகளில் வாழ்வதால், பொதுவான நெறி என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழைய வழக்குரைஞர் எழுதியது:

தங்கள் கலக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. சொத்து எங்கே இருக்கிறது, எந்த நீதிமன்றம் விசாரிக்கிறது என்பவற்றைப் பொறுத்தே இறுதி விடை அமையும். ஆயினும், செலவு தானாகவே சொத்திலிருந்து போய்விடும் என்ற எண்ணம் நான் அறிந்த எந்தச் சட்டமுறைக்கும் பொருந்தாது. இங்கிலாந்திலும், அந்த மரபைப் பின்பற்றும் நாடுகளிலும், தோற்றவர் வென்றவருடைய செலவைக் கொடுக்க வேண்டும் என்பதே தொடக்கநிலை விதி. இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு செலவை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருந்தாலும், வழக்கின் முடிவைச் செலவு தொடராது, அதாவது தோற்றவர் வென்றவருடைய செலவைக் கொடுக்க வேண்டியதில்லை, என்று நீதிபதி தீர்மானித்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் அவரவர் வழக்கறிஞர் கட்டணம் அவரவரைச் சேர்ந்தது என்பது பொது விதி. அங்கே வென்றவர்கூடத் தம் செலவைத் தாமே சுமக்க நேரிடும்.

உயில் வழக்குகளுக்கென்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவரும் இரண்டு விதிவிலக்குகளை 1907ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று தெளிவாக எடுத்துரைத்தது. உயிலை எழுதியவரே, குழப்பமான வாசகத்தாலோ ஒன்றுக்கொன்று முரணான ஆவணங்களை விட்டுச்சென்றதாலோ, வழக்குக்குக் காரணமாகியிருந்தால் செலவு சொத்திலிருந்து கொடுக்கப்படலாம் என்பது முதலாவது. சூழ்நிலையைப் பார்க்கும் எவருக்கும் ஐயம் எழுவது நியாயமே என்ற நிலை இருந்தால், தோற்றவர் மீது செலவைச் சுமத்தாமல் அவரவர் செலவு அவரவர்க்கு என விட்டுவிடலாம் என்பது இரண்டாவது. தங்கள் தாயாரின் நினைவாற்றல் பற்றிய ஐயத்துக்கு மருத்துவக் குறிப்புகளில் ஆதாரம் இருக்குமானால், அண்ணன் தோற்றாலும் இரண்டாவது விதிவிலக்கு அவருக்குக் கைகொடுக்கக்கூடும். ஆனால் அது எதிர்த்தரப்பின் செலவிலிருந்து மட்டுமே அவரைக் காக்கும். தம் வழக்கறிஞருக்குரிய கட்டணத்தை அவரே கொடுத்தாக வேண்டும். தங்கை மிரட்டினார், வஞ்சித்தார் என்றெல்லாம் குற்றம்சாட்டி அதை மெய்ப்பிக்க முடியாமல் போனால், இந்த விதிவிலக்குகளை நம்பிப் பயனில்லை. உயிலை எழுதும் மனத்தெளிவு இல்லை என்பது ஒன்று. உடன்பிறந்தவள் ஏமாற்றினாள் என்பது முற்றிலும் வேறொன்று. கோபத்தில் இரண்டையும் ஒரே மனுவில் எழுதியவர்கள் பிறகு வருந்தியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, தாங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். சொத்திலிருந்து செலவு போகும் என்றால், சொத்தின் எந்தப் பகுதியிலிருந்து? தனியாகக் குறிப்பிட்டு எழுதிவைத்த வீடு போன்றவற்றை விட்டுவிட்டு, எஞ்சிய சொத்தின் மீதே இத்தகைய செலவு முதலில் விழுவது வழக்கம். மொத்தச் சொத்தை நூறு பங்காகக் கொண்டு, வீடு எழுபது, சேமிப்பு முப்பது என்று வைத்துக்கொள்வோம். செலவு பதினெட்டுப் பங்கு ஆனால், சேமிப்பில் பன்னிரண்டுதான் மிஞ்சும். பத்துப் பங்கு பெற வேண்டிய தங்களுக்கு நான்குதான் கிடைக்கும். தங்கையின் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணனும் நான்கோடு நிற்பார். வழக்காடாத தாங்களும், வழக்குத் தொடுத்த அவரும் ஒரே அளவு இழந்திருப்பீர்கள்.

ஆறுநிமிடம் எழுதியது:

மேலே எழுதியவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். வழக்கில் வென்றவள் என்ற முறையில், வெற்றி எப்படி இருந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

என் தந்தையின் உயிலை அவருடைய முதல் மனைவியின் மகன் எதிர்த்தார். இரண்டரை ஆண்டுகள் நடந்த வழக்கில் உயில் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அவர் எனக்குச் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்றும் ஆணை வந்தது. அன்று மாலையே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் செலவை மதிப்பிடுவதற்கென்று தனியாக ஒரு விசாரணை இருக்கிறது என்பதும், நியாயமானது, தேவையானது, வழக்கின் அளவுக்குப் பொருத்தமானது என்று கருதப்படும் அளவே திரும்பக் கிடைக்கும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நான் கொடுத்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மீதி என் தந்தை எனக்கு விட்டுச்சென்றதிலிருந்து போனது.

என் வழக்கறிஞர் ஆறு நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டு கட்டணம் கணக்கிட்டார். பட்டியலில் ஒரு வரி இன்னும் நினைவில் இருக்கிறது: "வாடிக்கையாளருடன் தொலைபேசி உரையாடல், மூன்று அலகுகள்." அந்தப் பதினெட்டு நிமிடத்தில் பெரும்பகுதி நான் அப்பாவைப் பற்றிப் பேசி அழுதுகொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதில் தவறேதும் இல்லை. ஆனாலும், உயிலுக்குத் தொடர்பில்லாத ஒரு சொல்லையும் அதன்பின் நான் அவரிடம் பேசவில்லை. தங்கள் அண்ணனிடமும் தங்கையிடமும் இதைச் சொல்லுங்கள்: மனத்தில் உள்ளதை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டால், அதற்கு யாரும் பட்டியல் அனுப்பமாட்டார்கள்.

நடுப்பிள்ளை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நூறு பங்குக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன், அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி. தங்கைதான் உயிலின் நிறைவேற்றுநர். வழக்கை எதிர்கொள்ள அவர் இப்போதே வங்கிச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கலாமா? எடுத்தால் நான் தடுக்கலாமா?

பழைய வழக்குரைஞர் எழுதியது:

சொத்தை நிருவகிப்பதற்குத் தேவையான சட்டச் செலவைச் சொத்திலிருந்து எடுக்க நிறைவேற்றுநருக்குப் பொதுவாக உரிமை உண்டு. இந்தியாவில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, ஈமச்சடங்குச் செலவு முதலியவற்றுக்கு அடுத்தபடியாக, நிருவாகத்துக்குத் தேவையான நீதிமன்ற நடவடிக்கைச் செலவையும் வைக்கிறது. ஆனால் "நிருவாகத்துக்குத் தேவையான" என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தங்கைக்கு இங்கே இரண்டு நிலைகள்: அம்மாவின் உயிலைக் காக்க வேண்டியவர் ஒன்று, அந்த உயிலால் வீட்டைப் பெறுபவர் மற்றொன்று. உயில் நிலைத்தால், எதிர்த்தரப்பிடமிருந்து கிடைக்காத நியாயமான செலவைச் சொத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் நீதிமன்றம் இடம் தரும். உயில் செல்லாது என்றாகிவிட்டால், தம் பங்கைக் காக்கவே அவர் வழக்காடினார் என்று கருதி, செலவை அவர் தலையிலேயே கட்டவும் கூடும். முன்னதாகவே நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுச் செலவிடுவது பாதுகாப்பான வழி. 1893ஆம் ஆண்டிலிருந்தே இங்கிலாந்து நீதிமன்றங்கள், பிறருக்காகச் சொத்தை நிருவகிக்கும் பொறுப்பாட்சியாளர்களுக்கு இதை அறிவுறுத்தி வருகின்றன. ஆகவே இப்போதைக்குச் செலவுக்கணக்கைத் தனியாக வைக்கும்படியும், பணம் எடுக்கும் முன் தங்களுக்குத் தெரிவிக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். தடையாணை கோருவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது. தாங்கள் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்பட்டால், நீதிமன்றம் தீர்மானிப்பதற்குக் கட்டுப்படுவதாக மட்டும் அறிவித்துவிட்டு ஒதுங்கியிருப்பது நல்லது. அப்படி ஒதுங்கியிருப்பவர் மீது செலவு விழுவது அரிது.

அண்ணனுக்கும் ஒரு வழி உண்டு. உயிலை எழுதித் தந்த வழக்கறிஞரிடம், அன்று என்ன நடந்தது, அறையில் யார் இருந்தார்கள், தாயார் என்ன சொன்னார் என்ற விவரத்தை வழக்குக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறலாம். அதையும் மருத்துவக் குறிப்புகளையும் படித்தபின் பலர் வழக்கையே கைவிட்டிருக்கிறார்கள். சிலர் உறுதியோடு தொடர்ந்து வென்றும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வழக்கு நடந்தால், உயிலை முறைப்படி மெய்ப்பிக்க வேண்டும் என்று மட்டும் கோரி, கையொப்பச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதோடு நிற்பதாக, எதிர்வாதியாக இருப்பவர் அறிவிப்புக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. எதிர்ப்பதற்கு நியாயமான காரணமே இல்லை என்று நீதிமன்றம் கருதினாலொழிய, அப்படிச் செய்தவர் மீது செலவு சுமத்தப்படாது.

அமெரிக்கச் சொத்தாக இருந்தால் வேறொன்றைப் பாருங்கள். உயிலை எதிர்ப்பவர் தம் பங்கை இழப்பார் என்ற வாசகம் அதில் இருக்கிறதா? கலிஃபோர்னியாவில், தக்க காரணமின்றி எதிர்த்தவருக்கு எதிராக அது செல்லுபடியாகும். ஃபுளோரிடாவில் அது செல்லவே செல்லாது.

நடுப்பிள்ளை எழுதியது:

அத்தகைய வாசகம் உயிலில் இல்லை. உயில் எழுதிய வழக்கறிஞரின் குறிப்புகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் மூவரும் சேர்ந்து கேட்டு வாங்கலாம், அதுவரை யாரும் மனுத்தாக்கல் செய்ய வேண்டாம் என்று நேற்றிரவு இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். தங்கை உடனே சம்மதித்தார். சேமிப்பில் தம் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கவும் அவர் தயாராக இருக்கிறார்; ஆனால், அதை எழுத்தில் கொடுத்தால் தம் மீதே குற்றம் இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளுமோ என்று தயங்குகிறார்.

பழைய வழக்குரைஞர் எழுதியது:

தயங்க வேண்டியதில்லை. செலவு பற்றிய கேள்விக்கு அன்றி வேறெதற்கும் இதை நீதிமன்றத்தில் காட்டக்கூடாது என்ற குறிப்பை, தம் வழக்கறிஞரைக் கொண்டு அந்நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ற சொற்களில், கடிதத்தின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்ப்புக்குப் பிறகே நீதிபதி அதைப் பார்ப்பார். நியாயமான ஒரு முன்மொழிவை அண்ணன் மறுத்துவிட்டு, அதைவிடக் குறைவாகவே பெற்றிருந்தால், அந்த நாளிலிருந்து ஆன செலவை அவர் ஏற்க வேண்டிவரலாம். பதில் தர மூன்று வாரமாவது அவகாசம் கொடுத்து, தேதியைத் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.