டியூபுலர் பேட்டரியா, மோட்டார் டைமரா?

சூரியகூரை: 2023 ஜூனில் ஒன்றிய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிப்படி, நேரவாரிக் கட்டணம் வந்தால் வீட்டுக்குச் சாதாரணக் கட்டணத்தைவிட வெயில் நேரத்தில் குறைந்தது 20% குறைவு, உச்ச நேரத்தில் குறைந்தது 10% கூடுதல். பகலில் பேட்டரியை நிரப்பி இரவில் ஓட்டினால் லாபம்தானே?

கம்பிவடம்: எந்த பேட்டரி? வீட்டு இன்வெர்ட்டரில் வரும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர், அதாவது லெட் ஆசிட் பேட்டரி என்றால் நஷ்டம். சாதாரணக் கட்டணம் 100 ரூபாய் என்றால், 80 ரூபாய்க்கு வாங்கி 110 ரூபாய் செலவைத் தவிர்க்கிறீர்கள். 80/110 = 0.73. ஆக, உள்ளே போனதில் 73 சதவீதத்துக்கு மேல் வெளியே வரணும். லெட் ஆசிட், இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் போக 65–70 சதவீதம்தான் தேறும். பேட்டரி விலையை நான் இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை!

சூரியகூரை: லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 85 சதவீதம் வருமே.

கம்பிவடம்: வரும். 5 யூனிட் பேட்டரி, யூனிட் 6 ரூபாய் என்று வையுங்கள். 4.80-ஐ 0.85-ஆல் வகுத்தால் 5.65, உச்ச நேர விலை 6.60, மிச்சம் யூனிட்டுக்கு 95 பைசா. தினம் 4.3 யூனிட் எடுத்தாலும் வருஷத்துக்கு 1,500 ரூபாய்தான். உங்கள் மேல்நிலைத் தொட்டியே பேட்டரி, சார். 1 எச்பி மோட்டாரை 12 மணிக்கு அரை மணி நேரம் ஓட்டினால் அரை யூனிட், இழப்பே இல்லாமல் நகர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: டைமராக வைக்கும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள். ஓடும்போது 6–7 ஆம்பியர்தான், கிளம்பும்போது அதுபோல் ஐந்தாறு மடங்கு. பிளக்குக்குள் இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்சின் முனை ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. பிளக், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். தொட்டியில் மிதவை சுவிட்ச் கட்டாயம்.

காற்றாடி: அரை யூனிட்டை நகர்த்தி என்ன ஆகப்போகிறது? உச்ச நேரச் சுமை ஏசி. மாலையிலேயே குளிர வைக்கலாம் என்றால், காங்கிரீட் கூரை பகலில் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கக்கும். தவிர, தெரு முழுக்க எல்லா டைமரும் சரியாக ஒரே நேரத்தில் சுமையை இயக்கினால் புதிய உச்சத்தை நீங்களே உண்டாக்குவீர்கள். ஆளாளுக்குப் பத்து இருபது நிமிடம் தள்ளி வைக்கணும். பெரிய சேமிப்பு காடம்பாறை மாதிரி இடத்தில் இருக்கட்டும். தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் அது.

சூரியகூரை: காடம்பாறையால் என் தெருவின் வோல்டேஜைக் குறைக்க முடியாதே! நடுப்பகலில் எல்லாக் கூரையும் கரன்டைத் தள்ளும்போது 253 வோல்ட்டைத் தாண்டுகிறது, சோலார் இன்வெர்ட்டர் கழன்றுகொள்கிறது. பேட்டரி இருந்தால் அதை உள்ளே வாங்கும்.

காற்றாடி: இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் சோலார், பேட்டரி இரண்டையும் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை வந்த செட்டிங்கிலேயே விட்டால் காலை 10 மணிக்கே பேட்டரி நிரம்பிவிடும். 12 மணிக்கு மறுபடி அதே கதை. சார்ஜ் தொடக்கத்தை 11-க்குத் தள்ளி, மின்னோட்டத்தை 25 ஆம்பியரில் கட்டுங்கள். 100 ஏஎச் பேட்டரி நிரம்ப மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும்.

கம்பிவடம்: அந்த 25 ஆம்பியர், 51 வோல்ட் பேட்டரியில் 1.3 கிலோவாட். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் அதே நேரத்துக்குத் தள்ளினால் கூடுதல் கரன்டை உள்ளே வாங்கும் வேலையை வருஷத்தில் பாதி நாட்கள் அவையே செய்யும். மழைக்காலத்தில் மோட்டார் அவ்வளவு ஓடாது, ஒத்துக்கொள்கிறேன்.