ஆன்டிக்: தொல்பொருளா, பழம்பொருளா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆன்டிக் (antique) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'தொல்பொருள்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து எனக்கு உடன்பாடில்லை. தொல்லியல், தொல்லுயிரியல் முதலிய கலைச்சொற்களில் 'தொல்' என்னும் அடை, இன்றைய வாழ்வோடு தொடர்பு அறுந்துபோய், அகழ்ந்தோ ஆராய்ந்தோ மீட்கவேண்டிய காலத்தைச் சுட்டுகிறது. கைமாறிக் கைமாறி வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு அந்த அடை பொருந்தாது. மேலும், இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் முதலியவற்றையும், அறிவியல், வரலாறு, இலக்கியம் சார்ந்த மதிப்புள்ள சுவடியானால் 75 ஆண்டு கடந்ததையும் தொல்பொருளாகக் கொள்கிறது. சட்டம் பற்றிக்கொண்ட சொல்லை 60 ஆண்டு நாற்காலிக்கும் சூட்டினால் குழப்பமே மிஞ்சும்.

ஆன்டிக்குக்கு 'முதுபொருள்' என்று சொல்லலாம் என்பதும் அழகான ஆக்கந்தான். ஆனால் 'முது' என்றதும் முதிர்ச்சி முன்னே வந்து நிற்கிறது. முதுமகன், முதுமரம் என்பவற்றை எண்ணிப் பாருங்கள். ஈழத்தில் முதுசொம் என்றால் பெற்றோர்வழி வந்த சொத்து. கடையில் விலைக்கு வாங்கிய ஆன்டிக் அதற்குள் அடங்காது.

ஆகவே என் பரிந்துரை 'பழம்பொருள்'. பழையது என்றாலே தேய்ந்தது, கழித்துப்போட்டது என்ற எண்ணம் வருமே என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். 'பழைய பொருள்' என்று பிரித்துச் சொல்லும்போது அந்த எண்ணம் வருவது உண்மை. ஒரே சொல்லாகச் சேர்ந்ததும் அது பெரும்பாலும் விலகிவிடுகிறது. பழைய பாடல் நேற்றைய படத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், பழம்பாடலோ தலைமுறைகளைத் தாண்டி வந்தது. பழந்தமிழ், பழங்காசு என்பவற்றிலும் இழிவு இல்லை. 'பழங்கதை' மட்டும் சிலபோது சலிப்போடு ஒலிக்கிறது; அந்த ஒன்றுக்காக இச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

தொல்காப்பியம், தொன்மை என்னும் வனப்பை (செய்யுளின் அழகு வகைகளுள் ஒன்றை) 'உரையொடு புணர்ந்த பழமை மேற்றே' என்று பழமையைக் கொண்டே விளக்குகிறது. எனவே தொல்லும் பழமும் இயல்பாகவே வேறு என்று நான் வாதிடவில்லை. துறைத்தேவைக்காக நாம் வகுத்துக்கொள்ளும் எல்லை இது. (பழமையைக் குறித்த 'தொல்லை' இன்று துன்பத்தை மட்டுமே குறிக்கும் அளவுக்கு மாறியிருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.)

இந்த வகுப்பின்படி, 80 ஆண்டுக்கு முன் செய்த ஒரு மரப்பேழை பழம்பொருள். அதற்குள் சோழர் காசு ஒன்று கிடந்தால் அது தொல்பொருள்.