கிறிஸ்துமஸ் வெடிச் சத்தத்துக்கு நாய் ஓடிப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: கருங்கல்காரன்

எங்கள் வீட்டு நாய் சீசர், நாட்டு நாய்தான், நாலு வயது. தீபாவளி அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி போட்டதும் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு மதில் சாடி ஓடிவிட்டான். இரண்டு நாள் தேடி, கடைசியில் ரப்பர் விளையில் ஓடைக்கரைப் பொந்துக்குள் கண்டுபிடித்தோம். பின்னங்கால் நகம் பெயர்ந்திருந்தது, வெள்ளம் வைத்தால்கூட நக்கவில்லை, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

இப்போது ஊரில் குடில் வேலை தொடங்கியாச்சு. கோயில் எங்கள் வீட்டில் இருந்து நூறடிதான். 24-ஆம் தேதி ராத்திரிப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது வெடி போடுவார்கள், அப்புறம் புத்தாண்டு, அது கழிந்து ஜனவரியில் ஊர்த் திருவிழா. அவனைக் கட்டிப் போடுவதா, அவிழ்த்து விடுவதா? தூக்க மாத்திரை கொடு என்கிறார் ஒருவர். நாயை வீட்டுக்குள் ஏற்ற அம்மா சம்மதிக்க மாட்டாள். இன்னொரு முறை அவனைத் தொலைத்தால் என்னால் தாங்க முடியாது.

பதில்: தக்கலை அக்கா

தம்பி, முதலில் கட்டாதீங்க. பயந்த நாய் சங்கிலியோடு மதில் சாடினால் தொங்கிவிடும், எங்கள் தெருவில் அப்படி ஒரு நாய் செத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவிழ்த்து விட்டாலும் ஓடத்தான் செய்யும். உள்ளே அடைப்பது ஒன்றுதான் வழி. வரவேற்பறை வேண்டாம், ஜன்னல் குறைவாக உள்ள உள்ளறை போதும். எங்கள் பெண் நாய் கட்டிலுக்கு அடியில் போய்க் கிடப்பாள், அங்கே என் பழைய சேலையை விரித்துப் போடுவேன், ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ரேடியோவில் பாட்டும் போட்டுவிடுவேன். கட்டிலுக்கு அடியில் இருந்து அவளை வெளியே இழுக்க மாட்டேன், அவளாக வரட்டும்.

அன்றைக்கு மத்தியானமே நல்லா நடக்க வைத்து, ஆறு மணிக்குள் சோறு கொடுத்து, இருட்டும் முன்னால் மூத்திரம் போக விட்டு உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். பட்டையில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதி வையுங்கள். பூசைக்கு வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டாம், ஒரு ஆள் இவனோடு இருந்துவிட்டு மறுநாள் காலைப் பூசைக்குப் போகலாம். பயத்தில் பக்கத்தில் வந்தால் தடவிக் கொடுங்கள். தடவினால் பயம் கூடும் என்று சொல்வது சரியில்லை.

பதில்: குளச்சல் கடற்கரை

நான் போன வருஷம் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் பாதி கொடுத்தேன், சத்தமே இல்லாமல் கிடந்தான். எனக்கு அது போதும் என்றுதான் தோன்றியது.

பதில்: ஓய்வு பெற்றவன், நாகர்கோவில்

குளச்சல் தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். மாட்டாஸ்பத்திரியில் பல வருஷம் உதவியாளராக வேலை பார்த்தவன் நான். சத்தமில்லாமல் கிடந்தால் பயம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. முன்பெல்லாம் நாய்க்குக் கொடுத்துவந்த ஏசிபி என்ற அசிப்ரோமசின் மருந்து உடம்பைத்தான் தளர்த்தும், காது கேட்கும், பயமும் அப்படியே இருக்கும், எழுந்து ஓட மட்டும் முடியாது. அதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும். அதனால் வெடிப் பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை இப்போது தவிர்க்கிறார்கள். டிரசோடோன், அல்ப்ரசோலம், கேபாபென்டின் என்று வேறு மருந்துகள் உண்டு. அளவு நாயின் எடையைப் பொறுத்தது, டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். நமக்கு விற்கிற சிரப் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். பூனைக்கு ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிரைக் கொண்டுபோகும்.

கருங்கல் தம்பி, இந்த வாரமே சீசரை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து எழுதித் தந்தால், சத்தம் இல்லாத ஒரு நாளில் அவர் சொன்ன அளவு கொடுத்து எப்படி இருக்கிறான் என்று பாருங்கள், 24-ஆம் தேதி ராத்திரி முதன்முதலாகச் சோதிக்கக் கூடாது. வெடி தொடங்குவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் கொடுத்தால்தான் பிடிக்கும், நடுங்கத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 40,000-க்கு மேலும் கேட்கும். நம் மாவட்டத்தில் இது ஒரு நாள் விஷயமும் இல்லை. ஐப்பசி இடி, தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், அப்புறம் ஊர்க்கோயில் கொடைகள் என்று மாதக்கணக்கில் போகும். ஒரு ராத்திரிக்கு அடைத்து வைத்தால் போதாது, பழக்கவும் வேண்டும். திருவிழா எல்லாம் ஓய்ந்த பிறகு, போனில் வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத மாதிரி மெதுவாக வைத்து, அந்த நேரத்தில் மட்டும் அவித்த சாளை மீனை முள் எடுத்துக் கொடுங்கள். பயம் இல்லாமல் தின்றால் சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டலாம், காதை மடக்கினால் உடனே குறைத்துவிட வேண்டும். மாசக்கணக்கில் ஆகும், ஆனால் பலன் உண்டு.

2018-இல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ராத்திரி 11.55 முதல் 12.30 வரை மட்டும் வெடிக்கலாம் என்று சொன்னது. ஊர்க் கமிட்டியிடம் இதைச் சொல்லி, வெடி போடும் இடத்தையாவது உங்கள் மதிலை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பேசினால் கேட்பார்கள்.

பதில்: மார்த்தாண்டம் பக்கம்

மாடு, ஆடு வைத்திருக்கிறவர்கள் சாயங்காலமே தொழுவத்துக்குள் கட்டி, வைக்கோலை வெடி விழாத பக்கம் மாற்றிவிடுங்கள், ஒரு பொறி போதும். மறுநாள் விடிந்ததும் முற்றத்தைப் பெருக்குங்கள், வெடிக்காத வெடியை நாய் கடித்தால் வாய் வெந்துபோகும்.

கருங்கல்காரன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்குள் இல்லை, அடுக்களைக்குப் பின்னால் உள்ள சாய்ப்பில் படுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள், அதில் ஒரே ஒரு ஜன்னல்தான். ராத்திரிப் பூசைக்கு நான் போகவில்லை, அவனோடு இருக்கப் போகிறேன். நாளைக்குக் காலையில் மாட்டாஸ்பத்திரி.