பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் எங்கள் பட்டப்பெயரும்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டுப் பட்டப்பெயர் பல்லவராயர். "மாயவரம் பக்கம் ஒரு கோயில் கல்லுல நம்ம பேரு இருக்கு" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். போன மாதம் பல்லவராயன்பேட்டைக்கே போய்வந்தேன். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை!

அது இரண்டாம் இராசாதிராச சோழனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. முந்தைய மன்னர் இறந்தபோது அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும்தான். அவர்களைப் பாதுகாத்து, அரசையும் நிலைநிறுத்தியவர் காரிகைக் குளத்தூர் பெருமான் நம்பிப் பல்லவராயர். அவர் மறைந்த பிறகு குடும்பத்தாருக்கு இறையிலி (வரியில்லாத) நிலம் விட்டார்கள்.

அந்தக் குடும்பத்தின் வழிதான் நாங்கள் என்பது தாத்தாவின் முடிவு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பல்லவராயர் என்பது சோழர் காலத்தில் அதிகாரிகள் பலருக்குக் கொடுத்த பட்டம். தொண்டைமான்களுக்கு முன்பு புதுக்கோட்டைப் பகுதியை ஆண்டவர்களும் பல்லவராயர்கள்தான். எங்கள் குலதெய்வக் கோயில் வேறு புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது!

எனக்கு வேண்டியது இதுதான்: நிலம் பெற்ற உறவினர்களின் பெயர் வரும் வரிகளை யாராவது பிரித்துப் படித்து, பொருள் சொல்ல முடியுமா? அப்புறம், வீட்டில் 1890களின் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் பெயருக்குப் பின்னால் 'பல்லவராயர்' தெளிவாக இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளை எந்தப் பதிவேட்டில் தேடுவது? இப்படித் தேடிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பத்திரத்தின் படத்தை நாளைக்குப் போடுகிறேன். மடிப்பில் இரண்டு வரி கிழிந்திருக்கிறது.