மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி: முதலில் நீங்க வேண்டியது அமெரிக்க மானியமா?

செந்தில்வேலன்:
பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஏழை நாடுகள் 2003-இல் உலக வணிக அமைப்பிடம் ஒரு கோரிக்கை வைத்தன. பணக்கார நாடுகள் பருத்திக்குக் கொடுக்கும் மானியத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும், நிறுத்தும்வரை எங்கள் இழப்புக்கு ஈடு தர வேண்டும் என்பதே அது. அமெரிக்காவில் ஏறத்தாழ 25,000 பருத்தி விவசாயிகளுக்கு 2001-02 பருவத்தில் 200 கோடி டாலருக்கும் மேல் மானியம் போனது. விலை வீழ்ந்தாலும் அவர்கள் விதைத்துக்கொண்டே இருந்ததால் உலகச் சந்தையில் பஞ்சு குவிந்தது, மாலி விவசாயியின் வருமானம் சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில் வந்த வரைவு, பருத்தியை நம்பிய நாடுகள் வேறு தொழில்களுக்கு மாற உதவலாம் என்றது. களவு கொடுத்தவனிடம் வீட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது போன்ற இந்தப் பதிலை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. நியாயமான வணிகம் என்று பேசுவோர் முதலில் இந்த மானியத்தைத்தான் பேச வேண்டும்.

நிலாமதி:
உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஆனால் முதலிடம் மானியத்துக்கு என்பதை நான் மறுக்கிறேன். அமெரிக்க மானியம் முழுவதும் நீங்கினால் உலக விலை 6 முதல் 14 விழுக்காடு வரை உயரும் என்று ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பின் 2007 ஆய்வு மதிப்பிட்டது. வறிய குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல என்பது உண்மைதான். ஆயினும் அந்த நான்கு நாடுகளின் பணமான சிஎஃப்ஏ பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்ற மாறா விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பருத்தியோ டாலரில் விற்கப்படுகிறது. யூரோவுக்கு எதிராக டாலர் சரியும் ஆண்டில், உலக விலை உயர்ந்தாலும் விவசாயியின் கைக்கு வரும் பிராங்க் உயராமல் போகலாம். இதைவிட முக்கியமாக, விளையும் பஞ்சில் மிகப் பெரும் பகுதி நூலாகாமலேயே கப்பலேறுகிறது. கூடுதல் மதிப்பும் வேலையும் ஆசிய ஆலைகளுக்குப் போகின்றன. பெனின் இப்போது கொட்டோனு நகருக்கு அருகே குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் நூற்பும் ஆடைத் தயாரிப்பும் தொடங்கியிருக்கிறது. ஜெனீவாவில் உலக வணிக அமைப்பின் வாசலில் காத்திருப்பதைவிட அந்த வழியே எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

பஞ்சுக்காரன்:
கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பஞ்சு கொள்முதல் பார்க்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சு கையால் பறிப்பது, இழை நல்ல வலுவுடன் இருக்கும். குறை என்னவென்றால், பறித்த பருத்தியைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டுவதால் சாக்கு நூல் பேலுக்குள், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள், வந்துவிடுகிறது. மிக்ஸிங் பகுதியில் பெண்கள் உட்கார்ந்து நீலமும் வெள்ளையுமான அந்த இழைகளைக் கையால் பொறுக்குவார்கள். ஒன்று தப்பினாலும் சாயமேற்றிய துணியில் கோடாகத் தெரியும். இந்தப் பயத்தில் எங்களைப் போன்றவர்கள் பேலைப் பார்த்து அல்ல, நாட்டின் பெயரைப் பார்த்தே விலையைக் குறைக்கிறோம். சுத்தமாகக் கட்டிய ஊராருக்கும் அதே குறைந்த விலைதான். இதுவும் அநியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

செந்தில்வேலன்:
நிலாமதி அவர்களே, காத்திருப்பு வீண் என்கிறீர்கள். பிரேசில் காத்திருந்து பெற்றதைப் பாருங்கள். அமெரிக்கப் பருத்தி மானியத்துக்கு எதிராக உலக வணிக அமைப்பில் அது வழக்குத் தொடுத்து வென்றது. பிரேசில் போடவிருந்த தண்டனை வரிகளைத் தவிர்க்க, 2010 முதல் ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் தர அமெரிக்கா இசைந்தது. 2014-இல் மேலும் 30 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே வழக்கில் பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாக அமர்ந்திருந்தன, அவற்றுக்கு ஒரு டாலரும் கிடைக்கவில்லை. பதில் வரி போட்டு அமெரிக்காவை வலிக்கச் செய்யும் அளவுக்குச் சந்தை உள்ள நாட்டுக்குத்தான் இந்த நீதிமுறை பயன்படுகிறது. 2005-இல் ஹாங்காங்கில் நடந்த அந்த அமைப்பின் மாநாட்டில் ஏற்றுமதி மானியத்தை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். உள்நாட்டு மானியத்தையும் விரைந்து குறைப்பதாகச் சொன்ன வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. நீங்கள் சொல்லும் நூற்பாலையும் மானியத்தால் மலிந்த பஞ்சோடும் துணியோடும்தானே போட்டியிட வேண்டும்?

நிலாமதி:
பெனினும் சாடும் விடப்பட்ட செய்தி எனக்குப் புதிது, அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மலிந்த பஞ்சு நூற்பாலைக்குக் கேடு அல்ல, அதற்கு அது மூலப்பொருள். கேடு விளைவிப்பது மின்சார விலையும், கடற்கரையே இல்லாத மாலி, புர்கினா ஃபாசோ, சாட் ஆகியவற்றின் போக்குவரத்துச் செலவும்தான். ஆகவே ஈட்டுத்தொகை கேட்பதாயின், அதை ஜின்னிங் (பருத்தியிலிருந்து விதையை நீக்கிப் பஞ்சாக்கும் வேலை) தூய்மைக்கும் சாலைக்கும் மின்சாரத்துக்கும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பஞ்சுக்காரன் ஐயாவிடம் ஒரு கேள்வி: பருத்தித்துணிச் சாக்கில் கட்டி வந்தால் விலை கூட்டுவீர்களா?

பஞ்சுக்காரன்:
ஒரு பேல் வந்தால் கூட்ட மாட்டோம், அம்மா. ஒரே ஜின்னிங் ஆலையிலிருந்து இரண்டு பருவம் தொடர்ந்து சுத்தமாக வந்தால், அந்த ஆலையின் முத்திரையைப் பார்த்தே கேட்டு வாங்குவோம். அந்த இரண்டு பருவமும் துணிச்சாக்கின் செலவை அங்குள்ள விவசாயி தாங்க முடியாது. அதை யாராவது தாங்க வேண்டும்.