‘பொதுவேந்து நாடு’: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சார்லஸ் மன்னரையே அரசுத் தலைவராகக் கொண்ட காமன்வெல்த் நாடுகளுக்கு ‘முடியாட்சி நாடு’ என்ற பெயரை உறுதிசெய்துவிடும் நிலை தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். மலேசியாவும் டோங்காவும்கூட முடியாட்சிகள்தாம். ஆனால் அங்கே மன்னர் அந்த மண்ணைச் சேர்ந்தவர். ஜமைக்காவின் மன்னரோ கனடாவுக்கும் துவாலுவுக்கும் சேர்த்து மன்னர், வாழ்வது பிரிட்டனில். குடியரசாவதா என்று கரீபியத் தீவுகளில் நடக்கும் வாதமே இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். அதை மறைக்கும் சொல் எதற்கு?

நேற்றைய மடலில் வந்த ‘அயல்முடி நாடு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இந்த நாடுகள் குடியரசாக வேண்டும் என்பதே என் விருப்பம். ஒரு ஜமைக்கக் குழந்தை தன் நாட்டின் தலைமைப் பதவியைக் கனவிலும் அடைய முடியாது என்பது அநீதி. ஆனால் கலைச்சொல் என் கட்சிக்காரனாக இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1999 பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர் குடியரசு வேண்டாம் என்றார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர் மறுத்தது, குடியரசுத் தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைத்தான். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நிலம் கேட்டு வழக்காடும்போது, 1840-இல் பிரிட்டிஷ் முடியோடு செய்த வைத்தாங்கி உடன்படிக்கையைத்தான் சுட்டுகிறார்கள். ‘அயல்’ என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதினால் இவர்களின் பேச்சைத் தமிழில் சொல்லவே முடியாது.

என் பரிந்துரை: பொதுவேந்து நாடு. ‘பொதுமன்னர்’ என்றால் எலிசபெத்தின் எழுபது ஆண்டுகளுக்கு ஒட்டாது. ‘வேந்தர்’ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ‘வேந்து’ பழைய சொல், ஆண் பெண் இருபாலுக்கும் பொருந்தும். ‘பொதுமுடி’ ஏன் கூடாது என்றால், சட்டப்படி முடிகள் பதினைந்து, தலைதான் ஒன்று. இப்படிப் பிரித்தால் காமன்வெல்த்தின் 56 உறுப்பு நாடுகளில் பிரிட்டனையும் சேர்த்துப் பொதுவேந்து நாடுகள் 15, மலேசியா, புருனே, டோங்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய தன்வேந்து நாடுகள் 5, மீதி 36 குடியரசுகள்.

மாற்றத்துக்குக் ‘குடியரசாதல்’ போதும். ‘விடுதலை’ வேண்டவே வேண்டாம். பார்படோஸ் விடுதலை பெற்றது 1966 நவம்பர் 30. குடியரசானது 2021-இல் அதே நாளில். காமன்வெல்த்தை விட்டு அது விலகவும் இல்லை. அங்கே முடியின் பிரதிநிதியாக, அதாவது கவர்னர் ஜெனரலாக இருந்த சாண்ட்ரா மேசனே முதல் குடியரசுத் தலைவரானார். 1992-இல் மொரீசியசில் தமிழ் வழிவந்த வீராசாமி ரிங்காடுவும், 1972-இல் இலங்கையில் வில்லியம் கோபல்லாவையும் அப்படித்தான் பதவி மாறினார்கள்.

கோபல்லாவையை அன்று இலங்கைத் தமிழ் ஏடுகள் ‘மகாதேசாதிபதி’ என்றன. நமக்கோ கவர்னர் ஜெனரல் என்றால் ராஜாஜி நினைவுக்கு வருகிறார். அந்தப் பதவிக்குத் ‘தலைமை ஆளுநர்’ என்று இரு கரையிலும் எழுதலாமா? இலங்கை நண்பர்களின் கருத்தைக் கேட்டபின் இந்தச் சொற்களை நம் பட்டியலில் சேர்க்கிறேன்.